பால் வெள்ளை இல்லை: மலர்க் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளியின் மலரை, அதாவது பள்ளி இதழை, உருவாக்கும் குழுவினருக்கு வணக்கம்.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் கணக்குப் புத்தகத்தில் வரைந்த கட்டப் படங்களைக் கைப்பேசியில் பிடித்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பியிருக்கிறீர்கள். 'இதையே போட்டுவிடுங்கள் தம்பி' என்ற குறிப்பையும் கண்டேன். போட மனம் வரவில்லை. தனியாகச் சொன்னால் கூட்டக் குறிப்பில் ஏறாது என்பதால் இந்த மடல்.

ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன்: பால்மரமும் (ரப்பர் மரமும்) அதன் பாலைப் பிடிக்கும் கிண்ணமான மங்கும். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள நம் சுங்கை சிப்புட்டைச் சுற்றி இப்போது திரும்பிய பக்கமெல்லாம் செம்பனை. அந்தச் சிறுமி பால்வெட்டைப் பார்த்ததில்லை. பாட்டியிடம் கேட்டு வரைந்திருக்கிறாள். கட்டத்துக்குக் கட்டம் கணினி நிறக் குறியீடும் எழுதியிருக்கிறாள். மங்கில் நிற்கும் பாலுக்கு அவள் எழுதியது எஃப்எஃப் எஃப்டி டி0. முதல் இரண்டு இலக்கம் சிவப்பு, அடுத்த இரண்டு பச்சை, கடைசி இரண்டு நீலம். 0 முதல் 9 வரையும், பிறகு ஏ முதல் எஃப் வரையும் எண்ணும் பதினாறடி எண்முறை இது; எஃப்எஃப் என்றால் 255, முழு அளவு. டி0 என்றால் 208. நீலம் குறைந்ததால் வெள்ளையில் மஞ்சள் சாயல் ஏறுகிறது. பால் சுண்ணாம்பு வெள்ளையாக இருக்காது என்று பாட்டி சொன்னாராம். உங்கள் படத்திலோ அது குழல்விளக்கு வெளிச்சத்தில் சாம்பலாகக் கிடக்கிறது. போதாததற்கு, கைப்பேசிப் படத்தின் அளவைக் குறைக்கும் ஜேபெக் சுருக்கம் கட்ட ஓரங்களில் அழுக்கைப் பூசியிருக்கிறது.

படம் பிடிக்கவே தேவையில்லை ஐயா. மலருக்கு நான் பக்கம் கோப்பது லாடெக் என்ற கணினி மென்பொருளில். குறியீடுகளைக் கொடுத்தால் பிட்மேப் படத்தை, அதாவது நிறக் கட்டங்களால் ஆன படத்தை, அங்கேயே உண்டாக்கலாம். முதலில் குறியீட்டுக்கு ஒரு வண்ணச் சதுரமாக வரையச் சொன்னேன்; திரையில் சதுரங்களுக்கு நடுவே மயிரிழைக் கோடுகள் தெரிந்தன. பிறகு குறியீடுகளை ஒரே சரமாக்கி, அகலம் 16, உயரம் 16 என்று சொல்லி, பிடிஎஃப் கோப்புக்குள் ஒரே படமாக இறக்கினேன். கோடுகள் மறைந்தன. 256 கட்டம், கட்டத்துக்கு ஆறு இலக்கம், ஆக 1536 இலக்கம். படம் அவ்வளவுதான். எத்தனை பெரிதாக அச்சிட்டாலும் கட்டம் கட்டமாகவே நிற்கும்.

தட்டச்சில் கை தவறினால் மட்டும் வம்பு. மரத்தண்டின் பழுப்பு 8பி4513. ஓரிடத்தில் இரண்டு இலக்கத்தை விட்டுவிட்டேன். அதற்குப் பின் எல்லாம் நகர்ந்து, தண்டு 45138பி ஆகி, மரம் ஊதாவாயிற்று! புலனப் படத்தைப் பெரிதாக்கி எந்த இலக்கம் என்று தேடிக் கண் வலித்ததுதான் மிச்சம். அதனால் கேட்கிறேன்: கணக்குப் புத்தகங்களை இரண்டு நாள் என்னிடம் கொடுங்கள். பளிச்சென்ற பச்சைகள் அச்சகத்தின் நான்கு மைகளில் சற்று மங்கும். அதை என்னால் தடுக்க முடியாது.

ஞாயிறு கூட்டத்துக்கு ஒரு பக்கம் அச்சடித்துக் கொண்டுவருகிறேன். பக்கத்தில் உங்கள் கைப்பேசிப் படத்தையும் வையுங்கள். அந்தப் பாட்டியையும் அழைத்து வாருங்கள். எது பால் என்று அவர் காட்டட்டும்.

இப்படிக்கு,
மலருக்குப் பக்கம் கோக்கும் பழைய மாணவன்