துத்தம் கரைக்கும் முன்: எங்கள் ஊருணிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவர் அண்ணனுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயரைப் போட்டு நம் மானத்தை நாமே வாங்க வேண்டாம்.

மாசியில் ஊருணிப் பாசியைக் கொல்ல மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கரைத்தீர்கள். நாலே நாளில் பச்சை போனது. பங்குனி பாதியில் முன்னைவிடக் கெட்டியாகத் திரும்பி வந்தது. இப்போது இன்னும் கூடுதலாக வாங்கத் தீர்மானமாம். பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்திய உரிமையில் கேட்கிறேன்: செத்த பாசி எங்கே போகும்?

ஊருணிக்குள்ளேயேதான் அழுகும். அதன் உடம்பில் இருந்த நைட்ரஜன் அம்மோனியமாகத் தண்ணீரில் கரையும். அடுத்த பாசிக்கு அது ஆக்கி வைத்த சோறு.

சோறு என்று சும்மா சொல்லவில்லை. ஆக்சிஜன் இல்லாத ஆதிக் கடலில் அம்மோனியம்தான் தாராளம். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் ஆக்சிஜன் ஏறத் தொடங்கிய பிறகே நைட்ரஜனோடு ஆக்சிஜன் சேர்ந்த நைட்ரேட் பெருகியது. பாசிக்கு நைட்ரேட் நெல் மாதிரி. குத்திப் புடைத்து உலையில் போட வேண்டும். ஒரு நைட்ரேட்டை அம்மோனியமாக்க 8 எலெக்ட்ரான் செலவு. இரண்டு வெளியே, செல்லை நிறைத்திருக்கும் கூழான சைட்டோபிளாசத்தில்; மீதி ஆறு, செல்லுக்குள் வெயிலைப் பிடிக்கும் பச்சை உறுப்பான பசுங்கணிகத்துக்குள், வெயிலின் தயவில். அந்தப் பசுங்கணிகமே ஒரு காலத்தில் தனியாகத் திரிந்த நீலப்பச்சைப் பாக்டீரியா. 100 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இன்னொரு செல் அதை விழுங்கி, வீட்டோடு மாப்பிள்ளை ஆக்கிக்கொண்டது. உலை வைப்பது இன்றும் மாப்பிள்ளைதான். ஆனால் அம்மோனியம் தாராளமாகக் கிடைத்துவிட்டால் பாசி உலையையே மூட்டாது. அந்த வேலைக்கான மரபணுக்களை அடக்கி வைத்துவிடும்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறதே என்பீர்கள். அது பூட்டிய பெட்டகம். பச்சைப்பாசியிடம் சாவி இல்லை. நீலப்பச்சை வகைகளில் சிலவற்றிடம் உண்டு. ஒற்றைச் செல் கடல்பாசி ஒன்றுக்குள் குடியேறிய அப்படியொரு பாக்டீரியா, அதன் உறுப்பாகவே மாறிவிட்டதை 2024-ல் அறிவித்தார்கள். நம் ஊருணிக்குச் சம்பந்தமில்லைதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை படித்துறையில் ஒரு கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் மொண்டு வந்தேன். அரை நாளில் மேலே பெயிண்ட் ஊற்றியதுபோல் பச்சை ஏடு கட்டியது, கீழே தண்ணீர் தெளிவு. அப்படி மிதப்பது பெரும்பாலும் நீலப்பச்சை வகை. உள்ளே காற்றுப் பைகள் உண்டு. சில இனங்களில் நஞ்சும் உண்டு. துத்தம் செல்லை உடைத்தால் நஞ்சு தண்ணீரில் இறங்கும். தண்ணீரைப் பரிசோதித்துப் பார்க்கும்வரை ஆடு மாடுகளை இறக்க வேண்டாம்.

அதே படித்துறையில் சோற்றுப் பருக்கைகளையும் பார்த்தேன். கல்யாண மண்டபத்துப் பாத்திரம் கழுவும் தண்ணீர் வரத்துக்காலில்தான் விழுகிறது. முதலில் அதைத் திருப்புங்கள். மேட்டுத் தோட்டத்து யூரியாவையும் அண்ணன் பேசிப் பார்க்கலாம், மூட்டையில் 46 சதவீதம் நைட்ரஜன். ஆனால் நைட்ரஜனை மட்டும் அடைத்துப் பாசிக்கு வேண்டிய இன்னொரு சத்தான பாஸ்பரசை விட்டுவிட்டால், சாவி வைத்திருக்கிற வகைக்குத்தான் கொண்டாட்டம். அதனால் பாஸ்பரஸ் கொண்டு வரும் சோப்புத் தண்ணீர் உள்ளே வருவதும் நிற்க வேண்டும்.

பச்சை ஏட்டை வலை போட்டு வாரி வெளியே எடுங்கள். தண்ணீர் வற்றியதும் தூர் வாருங்கள். போன தடவை அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவித்தோம். முதல் மழையில் அத்தனையும் உள்ளே வந்துவிட்டது.

பாட்டில் எங்கள் திண்ணையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்