பாக்கெட் முழுசும் ஒரு லிட்டர்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் நீங்க போட்ட மழைக்கால வயித்துப்போக்கு கட்டுரை நல்லா இருந்துச்சு, ஆனா ஓ.ஆர்.எஸ். (தண்ணில கலக்கி குடுக்கற உப்பு சர்க்கரை தூள்) குடுங்கன்னு ஒரே வரில முடிச்சிட்டீங்க, எப்படி கலக்கணும்னு சொல்லவே இல்லை. எங்க வீட்ல தப்பு நடந்ததே அங்கதான்.

என் பையனுக்கு அப்ப மூணு வயசு. ராத்திரி முழுக்க வாந்தி, விடியறதுக்குள்ள அஞ்சாறு தடவை தண்ணியா போயிருச்சு. ஒரு லிட்டர் இவன் எங்க குடிக்கப்போறான்னு நினைச்சு ஒரு டம்ளர்லயே பாதி பாக்கெட்டை கொட்டி கலக்கிட்டேன், ஒரு மடக்கு குடிச்சிட்டு மூஞ்சை சுளிச்சு துப்பிட்டான். அவன் துப்பினது நல்லதாப் போச்சு. காலைல ஆஸ்பத்திரில நர்ஸக்கா கேட்டுட்டு பதறிட்டாங்க, கண்ணீரை விட உப்பு கரிக்கக்கூடாதும்மா, இவ்ளோ கெட்டியா குடுத்தா ரத்தத்துல உப்பு ஏறி வலிப்பு வரை போயிரும், பேதியும் ஜாஸ்தியாகும்னாங்க.

ஒரு லிட்டருக்குன்னு போட்டிருக்கற பெரிய பாக்கெட்னா முழுசையும் காய்ச்சி ஆறவெச்ச ஒரு லிட்டர் தண்ணில ஒரே தடவைல கலக்கணும், 24 மணி நேரத்துல மிஞ்சினதை கொட்டிடணும். வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டுட்டு ஸ்பூன் ஸ்பூனா குடுக்கணும், மடமடன்னு குடுத்தா திரும்ப வந்துரும். அன்னிக்கு வார்டுல உக்காந்து நான் ஸ்பூன்லதான் குடுத்தேன், மத்தியானம் அவன் ஒண்ணுக்கு போனப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு.

அந்த அளவுல சர்க்கரையும் உப்பும் சேர்ந்து போனாதான் குடல் தண்ணியை உள்ள இழுக்குமாம். 1971ல வங்கதேசப் போர் அகதிகளுக்கு காலரா வந்து நரம்புல ஏத்தற சலைன் பத்தாம போனப்ப, மேற்கு வங்கத்துல பன்காவ்ன்ற ஊர்ல டாக்டர் திலீப் மகலனாபிஸ் இதைத்தான் டிரம்ல கலக்கி வெச்சு சொந்தக்காரங்களையே குடுக்க வெச்சு எவ்வளவோ பேரை காப்பாத்துனாரு.

டெட்ரா பேக் ஜூஸ் இதுக்கு ஈடே கிடையாது, அதுல சர்க்கரை ஜாஸ்தி, பேதியை கூட்டிரும். பெரியவங்க போடற பேதி நிறுத்துற மாத்திரையை குழந்தைக்கு குடுத்துராதீங்க. தாய்ப்பால், கஞ்சி, இட்லி எதையும் நிறுத்த வேண்டாம், பட்டினி போடற பழக்கம் இன்னும் எங்க தெருவுல இருக்கு. டாக்டர் எழுதின ஜிங்க்கை பேதி நின்னாலும் சொன்ன நாள் வரைக்கும் குடுங்க. ஆறு மணி நேரமா ஒண்ணுக்கு போகலை, கண்ணு உள்ள போயிருச்சு, துவண்டு கிடக்குது, மலத்துல ரத்தம், இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுங்க.

அடுத்த இதழ்ல ஒரு லிட்டர் பாட்டில் படமும் பக்கத்துல ஒரு பாக்கெட் படமும் பெருசா போடுங்க, நான் கத்தரிச்சு எங்க அங்கன்வாடி சுவத்துல ஒட்டிடறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி