முப்பது மீட்டர் கணக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய நீச்சல்குளப் படத்தில் அம்மா உன் முகத்தைப் பார்த்தாள், நான் மணிக்கட்டைப் பார்த்தேன். முதல் போனஸில் வாங்கிய கார்ட்டியே டேங்க் வாட்சோடயா தண்ணிக்குள்ள இறங்கினே? கேட்டால், "30 மீட்டர் தாங்கும்ப்பா, குளம் ரெண்டு மீட்டர்கூட இல்ல" என்கிறாய்.

அந்த மீட்டர் ஆழம் இல்லை தாயி, அழுத்தம். அழுத்தத்தை 'பார்' என்கிற அளவில் சொல்வோம்; 10 மீட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1 பார். புது வாட்சை அசையாமல் வைத்து 3 பாருக்குச் சோதித்த கணக்கு அது. கை கழுவும்போது தெறிப்பதற்கும் தூறலுக்கும் போதும். நீந்த வேண்டுமானால் 100 மீட்டராவது போட்டிருக்கணும். முக்குளிக்கிற வாட்சுக்கு ஐ.எஸ்.ஓ. 6425 என்று தனித் தரமே இருக்கு. அதில் ஒவ்வொரு வாட்சையும், போட்டிருக்கிற அழுத்தத்துக்கு மேலே கால் பங்கு கூட்டிச் சோதிக்கணும்.

கையை வீசி நீந்தினால் அழுத்தம் எகிறிவிடும் என்பார்கள். நம்ம வாட்ச் ரிப்பேர் கடையில் நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சொற்பம். கெட்டுப்போவது, தண்ணீர் புகாமல் அடைக்கிற ரப்பர் வாஷர்தான். வெந்நீர், சோப்பு, வயசு எல்லாம் சேர்ந்து அதை விறைக்க வைக்கும். ஆரம்ப காலத்தில் பேட்டரி மாற்றும்போது பழைய வாஷரையே போட்டு மூடி, ஒருத்தர் வாட்சை நானே கெடுத்திருக்கேன். அவர் முகம் இன்னும் மறக்கலை.

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் நம்ம கடைக்கு என்ன வரும்னு உனக்கே தெரியும். கண்ணாடிக்குள் பனி மூடின வாட்ச்தான். அரிசிக்குள் நாலு நாள் புதைத்துவிட்டு எடுத்து வருவார்கள். அதற்குள் மெஷின் துருப்பிடித்திருக்கும். அருவி சும்மா நிற்கிற தண்ணீர் இல்லையே, அடிக்கிற தண்ணீர்.

உன் வாட்சின் சாவியில் நீலக்கல் அழகாகத்தான் இருக்கு. ஆனால் அது அழுத்தி மூடுவது, திருகி மூடுவது இல்லை. 1927 அக்டோபரில் மெர்சிடஸ் கிளைட்ஸ் என்ற நீச்சல்காரி இங்கிலீஷ் கால்வாயில் நீந்தியபோது ரோலெக்ஸ் ஆய்ஸ்டர் வாட்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனாள். பத்து மணி நேரத்துக்கு மேல் குளிரில் கிடந்தும் அவளால் கரை சேர முடியவில்லை. வாட்ச் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சாவி திருகி மூடுவது. விளம்பரத்துக்குச் செய்ததுதான், ஆனால் வேலைப்பாடு பொய் இல்லை.

இப்போ ஒரு காரியம் செய். ஏசி அறையில் கண்ணாடிக்குள் ஆவி படிகிறதா பார். படிந்தால் சாவியை இழுக்காதே, ஹேர் டிரையர் காட்டாதே, அன்றைக்கே சர்வீசுக்குக் கொடு. படியாவிட்டாலும் ஒரு பிரஷர் டெஸ்ட் பார்க்கச் சொல். தோல் வாரை நிழலில் காயவை.

கண்ணாடியைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பு, வெளிச்சம் சாய்வாக விழணும். உன் முகம் அதில் வேண்டாம், அது அம்மாவுக்குத் தனியா.

அப்பா