கரோ-கான் ஆடினா பயந்தவளா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

ஈரோட்டுல நடந்த 13 வயசுக்குட்பட்டவங்க செஸ் போட்டி பத்தி உங்க பேப்பர்ல வந்த செய்தில, கடைசி ரவுண்டுல "பயந்து பயந்து தற்காப்பு ஆட்டம் ஆடி டிரா செய்தார்"னு போட்டிருந்தது என் மகளைத்தானுங்க. அதே செய்தில பக்கத்து போர்டுல டிரா பண்ணின பையனுக்கு மட்டும் "போராடி டிரா". படிச்சதுல இருந்து ரொம்ப வெசனமா இருக்குதுங்க.

அவ கறுப்புக் காய்ல ஆடினது கரோ-கான், ஆட்டத்தை ஆரம்பிக்கற ஒரு முறைங்க. வெள்ளை சிப்பாயை இ4 கட்டத்துல வெச்சா கறுப்பு சிப்பாய் சி6, அடுத்து டி5ன்னு நேரா நடு போர்டுலயே போய் முட்டற ஓப்பனிங் அது. இவளுக்கு எதிர்ல ஆடின பையன் சிப்பாயை இ5க்குத் தள்ளுனதும் இவ பிஷப்பை எஃப்5க்கு வெளிய கொண்டாந்துட்டுத்தான் இ6 வெச்சா, பிரெஞ்சு டிபென்ஸ்ங்கற இன்னொரு ஓப்பனிங்னா அந்த பிஷப் உள்ளயே மாட்டிக்கும், அதுக்குத்தானுங்க இதை ஆடறதே. அப்பறம் சி5 வெச்சு அவன் சென்டரை உடைச்சா, ராணியை பி6ல நிறுத்தி பி2 சிப்பாயைக் குறி வெச்சா. நடுவுல அவன் டிரா கேட்டும் வேண்டாம்னுட்டா. பயந்த புள்ளை அப்படிச் சொல்லுமுங்களா? கடைசில ஆளுக்கொரு யானையும் சிப்பாயுமா மிஞ்சி வேற வழியில்லாமத்தான் டிரா ஆச்சு. 1961ல டால்கிட்ட இருந்து உலகப் பட்டத்தைத் திருப்பி வாங்கின போட்வின்னிக் அந்த மேட்ச்லயும் கரோ-கான் ஆடினவரு, இன்னொரு உலக சாம்பியன் கார்போவும் ஆடினாரு, உங்களுக்குத் தெரியாததில்லீங்க.

நான் திருப்பூர்ல பனியன் கம்பெனி டெய்லருங்க. ஞாயித்துக்கிழமை ஓவர்டைமை விட்டுப்போட்டு பஸ்ல கூட்டிட்டுப் போறேன், பெத்தவங்களை ஹாலுக்குள்ள விடமாட்டாங்க, வாசல்லயே உக்காந்திருப்பேன். ராத்திரி வீட்டுல ஸ்கோர் ஷீட்டைப் பாத்து ஒவ்வொரு மூவா வெச்சுக் காட்டுவா, அப்படித்தான் நானும் இதெல்லாம் கத்துக்கிட்டேன். உங்க நிருபர் வந்ததே பரிசு குடுக்கறப்பத்தானுங்க. போட்டோலயும் மாலை போட்ட விருந்தாளிங்கதான், புள்ளைங்க ஓரத்துல பாதி முகம். போன வருசம் இவ பேரையே தப்பாப் போட்டு, போன் பண்ணினா "பாக்கறோம்"னாங்க, அதோட சரி. 2022ல மாமல்லபுரம் ஒலிம்பியாடுக்கும் 2024ல குகேஷ் ஜெயிச்சப்பவும் பக்கம் பக்கமா எழுதினீங்க, நாங்களும் வெட்டி ஒட்டி வெச்சிருக்கோம். அந்தப் பையனும் இந்த மாதிரிச் சின்னப் போட்டிங்கள்ல ஆடித்தானுங்களே வந்திருப்பான்?

ஸ்கோர் ஷீட் ஜெராக்ஸ் இதுகூட வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை பக்கத்துல அந்த மூவ்ஸை மட்டும் போடுங்க, பேரை இன்ஷியலோட சரியாப் போடுங்க. அது போதுமுங்க.

இப்படிக்கு,
செஸ் ஆடற ஒரு புள்ளையோட அம்மா,
திருப்பூர்.