சீசர் விஷயமாக வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மடிப்பாக்கம், 10 ஜனவரி 2026

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பதினேழு வருஷமாகச் செல்லப்பிராணிக் கடை நடத்துகிறேன், ஊருக்குப் போகிறவர்களின் நாய்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் போர்டிங்கும் உண்டு. இதுவரை உங்களுக்கு நான் எழுதியதெல்லாம் "தீபாவளிக்கு மூன்று நாள் கடை லீவு" என்று ஷட்டரில் ஒட்டும் காகிதம்தான். இப்போது உட்கார்ந்து இவ்வளவு எழுத வைத்தது அந்த நாற்பது விநாடி வீடியோ. ஏரியா வாட்ஸ்அப் குரூப்பில் உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். மீதிப் பேருக்கு அந்தப் பாதிப் பேர் அனுப்பியிருப்பீர்கள்.

வீடியோவில் இருப்பது இவ்வளவுதான்: நம்ம கடை ஷட்டர், பக்கத்தில் மின்கம்பம், அதில் சீசர் என்ற வயசான லேப்ரடார் நாயைக் கட்டும் நம்ம கடைத் தம்பி, மழைத் தூறல். பின்னாலிருந்து ஒரு குரல், "காசு கட்டலன்னா நாயை ரோட்ல கட்டிடுவாங்களாம்."

டிசம்பர் முதல் வாரம், காலை ஆறரை மணி. அந்த நேரத்தில் உள்ளே கூண்டு கழுவுகிறோம். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் சாதாரணப் பினாயிலுக்குச் சாகாது. பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, பத்து நிமிஷம் ஊறவிட்டு, தேய்த்துக் கழுவி, காயவிட வேண்டும். அந்த நெடி அடங்கும் வரை எந்த நாயையும் உள்ளே வைக்க முடியாது. மற்ற நாய்கள் மொட்டை மாடிக்குப் போய்விடும். சீசருக்கு இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டதால் படி ஏற வராது, அதனால் அவனை மட்டும் வாசலில் கட்டுவோம். கம்பத்தில் கட்டும்போது அவன் நின்றது தகரக் கூரைக்கு அடியில்தான், கயிறு நீளமாக இருந்ததால் அவனாக மழைக்கு வந்து நின்றான். லேப்ரடார் வளர்த்தவர்களுக்குத் தண்ணீரைப் பார்த்தால் அதுகள் என்ன செய்யும் என்று தெரியும். மொத்தம் இருபது நிமிஷம். சரி, அரை மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தக் 'காசு' விஷயம். இதைப் பற்றி எழுதக் கூடாது என்று வீட்டில் சொன்னார்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

சென்ற ஜூன் 12-ஆம் தேதி சீசரை அவனை வளர்த்தவர்கள் கொண்டுவந்து விட்டார்கள். கூடவே ஒரு பழைய பெட்ஷீட், ஒரு எவர்சில்வர் கிண்ணம், அரைப் பாக்கெட் தீனி. "கல்யாணத்துக்குப் போறோம், பத்து நாள்ல வந்துடுவோம்." ஐந்து நாளைக்கு அட்வான்ஸ். தடுப்பூசிப் புத்தகம் கேட்டதற்கு, "வீட்ல இருக்கு, போட்டோ எடுத்து அனுப்பறேன்" என்றார்கள். பதினோராவது நாள் போன் செய்தால் "இன்னும் ஒரு வாரம் பாத்துக்கோங்க". அப்புறம் அனுப்பிய மெசேஜ்களுக்கு ஒற்றை டிக்தான். ஜூலை கடைசியில் நம்ம தம்பி அந்த வீட்டுக்கே போய்ப் பார்த்தான். வாசலில் 'டு லெட்' போர்டு. குடும்பமே பெங்களூர் போய்விட்டதாம், அங்கே அபார்ட்மெண்டில் நாய் கூடாதாம். வாட்ச்மேன் சொன்னது. நாய் வளர்க்கவே கூடாதென்று குடியிருப்புச் சங்கங்கள் தடை போட முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. அந்த வாரியமே அப்போது நம்ம திருவான்மியூரில்தான் இருந்தது. இதையெல்லாம் வாட்ச்மேனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இன்றோடு 213 நாள். அட்வான்ஸ் போக 208. நாளுக்கு 450 ரூபாய் என்றால் 93,600. கணக்குப் போடவே கூடாது என்று இருந்தேன், ஒரு ராத்திரி தூக்கம் வராமல் போட்டுவிட்டேன். இதில் ஒரு ரூபாயை யாரிடமும் நான் கேட்கவில்லை. கேட்க ஆளும் இல்லை. காசுக்காக ரோட்டில் கட்டுகிறவனாக இருந்தால் ஜூலையிலேயே கட்டியிருப்பேன்.

"கேஸ் போடுங்க சார்" என்று சிலர் சொன்னீர்கள். மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி பிராணியைக் கைவிடுவது குற்றம்தான். சட்டம் 1960-இல் வந்தது. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. சீசரின் ஒருவேளைத் தீனிக்குக் காணாது.

"ப்ளூ கிராஸ்ல விட்டுட வேண்டியதுதானே" என்றும் சொன்னீர்கள். 1959-இலிருந்து நடக்கும் பிராணிகள் நலச் சங்கம், நல்ல காரியம்தான் செய்கிறார்கள். ஆனால் ஊரில் அடிபட்டது, நோய்ப்பட்டது எல்லாம் போய்ச் சேரும் இடம் அது. நன்றாகத் தின்று தூங்கும் நாயைக் கொண்டுபோய் அங்கே விடுவது, எனக்கு என்னவோ, அந்த பெங்களூர்க்காரர்கள் செய்ததையே நானும் ஒரு தடவை செய்வதுபோல் இருக்கிறது.

சீசர் ஒருவன் மட்டும் இல்லை. சென்ற ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்கள் பற்றி உச்ச நீதிமன்றம் 11-ஆம் தேதி ஒரு உத்தரவு போட்டு, 22-ஆம் தேதி அதைத் திருத்தியதிலிருந்து டீக்கடை முழுக்கத் தெருநாய்ப் பேச்சுதான். தெருவில் திரியும் பக், ஷிட்சூ மாதிரி காசு கொடுத்து வாங்கும் ஜாதி நாய்கள் எந்தத் தெருவில் பிறந்தன என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மாநகராட்சியில் நாய் வளர்ப்பதற்கான லைசென்ஸை இறுக்கினார்கள் அல்லவா, அந்த இரண்டு மாதத்தில் மட்டும் ராத்திரியோடு ராத்திரியாக நம்ம ஷட்டரில் நான்கு நாய்களைக் கட்டிவிட்டுப் போனார்கள். ஒன்றின் கழுத்தில் புது பெல்ட், விலைச் சீட்டு கூடப் பிய்க்கவில்லை. லைசென்ஸுக்கு அப்போது 50 ரூபாய்தான். நாயின் தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சிப் அரிசி அளவுதான், முகாமில் இலவசமாகவே போட்டார்கள். லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000 அபராதம் என்றதும் ஐம்பது ரூபாய் கட்டுவதை விட்டுவிட்டு நாயை அவிழ்த்து விட்டிருக்கிறார்கள். சீசரையும் வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது ஸ்கேனர் வைத்துப் பார்த்தோம். சிப் இல்லை. இருந்திருந்தால் அவன் யாருடைய நாய் என்பதற்குச் சாட்சியாவது இருந்திருக்கும்.

சீசர் குட்டியாக எங்கள் கடையிலிருந்து போனவன்தான் என்று குரூப்பில் ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான், அப்போது குட்டி விற்றுக்கொண்டிருந்தோம். மூன்று வருஷமாக விற்பதில்லை.

ஆனாலும் கேட்டு வருகிறார்கள். போன மாதம் ஒருவர் மகளோடு வந்தார். பாப்பாவுக்குப் பிறந்தநாளாம், கோல்டன் ரிட்ரீவர் வேண்டுமாம். "வீட்ல பகல்ல யார் இருப்பா?" என்றேன். யாரும் இல்லை. "நடக்கக் கூட்டிப்போறது?" "பாப்பா பாத்துப்பா சார்." பாப்பாவுக்கு ஏழு வயது. நாய்க்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆயுசு, பாப்பா காலேஜ் போகும்போதும் அதற்கு இரண்டு வேளை சோறு வேண்டும் என்றேன். குட்டிக்கு ஆறு எட்டு வாரத்தில் ஆரம்பித்து மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை ஊசி, மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி, அப்புறம் வருஷா வருஷம், சென்னை வெயிலில் வருஷம் பூராவும் உண்ணி, உண்ணிக் காய்ச்சல் வந்தால் ரத்தப் பரிசோதனை, இதெல்லாம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "வாங்க வந்தவங்கள இப்படியா பயமுறுத்துவீங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு தங்கமீன் வாங்கிக்கொண்டு போனார். பயமுறுத்தத்தான் செய்தேன். அந்தப் பாப்பாவிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு உண்மையில் வலிப்பது வேறு. வீடியோவில் கயிற்றைக் கட்டுவது தெரிகிறதே, அந்தத் தம்பி ஒன்பது வருஷம் நம்மிடம் இருந்தவன். உங்கள் வீட்டு நாய்க்கு உங்களைவிட அவனைப் பிடிக்கும் என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறீர்கள்! கடிக்கிற நாய்க்கும் நகம் வெட்டுவான். சீசருக்குச் சோற்றில் மாத்திரையை ஒளித்துக் கொடுக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். டீக்கடையில் யாரோ அவனை 'மிருகம்' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். மறுநாள் காலையில் கூண்டெல்லாம் கழுவி முடித்துவிட்டு, சாவியை மேஜையில் வைத்துவிட்டு, சாத்தூர்ப் பக்கம் சொந்த ஊருக்கே போய்விட்டான். நான் கூப்பிட்டால் வரமாட்டான். உங்களில் யாரிடமாவது அவன் நம்பர் இருந்தால் ஒரு வார்த்தை பேசுங்கள்.

அவன் இல்லாததால் இனி ஒரு நேரத்தில் எட்டு நாய்களுக்கு மேல் எடுக்க முடியாது. பிப்ரவரி 1 முதல் போர்டிங் நாளுக்கு 600 ரூபாய். முழு அட்வான்ஸ், தடுப்பூசிப் புத்தகம், லைசென்ஸ், ஆதார் நகல், இரண்டு போன் நம்பர் (ஒன்று உறவினருடையது) கொடுத்தால்தான் நாயை உள்ளே எடுப்போம். சொன்ன தேதிக்கு மேல் பதினைந்து நாள் தகவல் இல்லை என்றால் வேறு வீடு பார்க்கலாம் என்று கையெழுத்தும் வேண்டும். பத்து வருஷமாக வருகிறவர்களிடம் ஆதார் கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. இந்த விதி உங்களை நினைத்துப் போட்டதல்ல, ஆனால் உங்களுக்கு மட்டும் விலக்கு என்று பலகையில் எழுத முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

குரூப்பில் முதல் ஆளாக "முழுசா விசாரிச்சிட்டுப் போடுங்க" என்று எழுதிய அம்மாவுக்கு நன்றி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோழிக் கழுத்தும் சோறும் வேகவைத்து எடுத்துவரும் ரிட்டயர்டு வாத்தியாருக்கும், வேப்பேரிக்கு மூன்று தடவை வந்து ஒரு பைசா வாங்காத ஆட்டோ அண்ணனுக்கும், பெயர் சொல்லாமல் தீனி மூட்டையை வாசலில் வைத்துவிட்டுப் போனவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நீங்கள் இல்லையென்றால் டிசம்பரிலேயே ஷட்டரை இழுத்திருப்பேன்.

சீசரைக் கேட்டு இரண்டு பேர் போன் செய்திருக்கிறார்கள். ஒருவர் வீடு இரண்டாவது மாடி, லிப்ட் இல்லை, அது சரிப்படாது. மேடவாக்கத்துக்காரர் வீடு தரைத்தளம், அடுத்த வாரம் நேரில் வருகிறார். அதற்குள் பார்க்க நினைப்பவர்கள் மாலை ஐந்து மணிக்குமேல் வாருங்கள். பிஸ்கட் மட்டும் வேண்டாம். எடை 38 கிலோவைத் தாண்டிவிட்டது, டாக்டர் என்னைத்தான் திட்டுகிறார்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரன்