சுவர் ஆமைக்கும் நகம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் கீழ்த்தளச் சுவர்களில் கடல் ஓவியங்கள் பெருகுவது நல்லதே. ஆனால், சில சுவர்களில் நீந்தும் ஆமை எந்தக் கடலிலும் இல்லாதது! நம் கரைகளில் முட்டையிடும் அழுங்காமைக்குக் கூரிய அலகு, கண்களுக்கிடையே இரண்டு ஜோடிச் செதில்கள், ஒவ்வொரு துடுப்பிலும் இரண்டு நகங்கள் உண்டு. முதுகோட்டுத் தகடுகள் கூரை ஓடுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். இவற்றைச் சரியாக வரைந்தால்தான் பிள்ளைகள் நிஜ ஆமையை அடையாளம் காண்பார்கள்.

கிண்ண வடிவக் கடல் உயிரினமான நெப்டியூன் கிண்ணக் கடற்பஞ்சையும் வரையலாமே. அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட அது, 2011இல் செயின்ட் ஜான்ஸ் தீவருகே மீண்டும் தென்பட்டது. ஒரு மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது என்பதால், ஒரு தூண் முழுவதையும் அதற்கே கொடுக்கலாம்.

பெரிய தவறு வேலை முடிந்தபின் நடக்கிறது. தூரிகை கழுவிய நீரை அருகிலுள்ள கால்வாயில் ஊற்றிவிடுகிறார்கள். சுவரில் பூசும் அக்ரிலிக் வண்ணத்தில் சாயத்தைப் பிடித்துவைப்பது ஒருவகை பிளாஸ்டிக். மழைநீர்க் கால்வாயோ சுத்திகரிப்பின்றி நீர்த்தேக்கத்துக்கோ கடலுக்கோ போகிறது. முதலில் தூரிகையைப் பழைய துணியில் நன்றாகத் துடையுங்கள். துணியைக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். பிறகு வாளியில் கழுவி, அந்த நீரைக் கழிவுநீர்க் குழாயுடன் இணைந்த தொட்டியில் மட்டும் ஊற்றுங்கள். மினுமினுப்புத் தூள் வேண்டவே வேண்டாம். அதில் பெரும்பாலானது பிளாஸ்டிக்தான்.

வாசகர்,
பிடோக்