சாயத் தொட்டியில் பிறந்த செஞ்சட்டை

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் இதழில் வந்த உப்புச் சத்தியாகிரகம் பற்றிய கட்டுரையில் தண்டி வந்தது, வேதாரண்யம் வந்தது. சரி, அதே போராட்டத்தில் இறங்கிய பெஷாவர் (இன்று பாகிஸ்தானில் இருக்கிறது) எங்கே போனது?

கான் அப்துல் கஃபார் கான் 1929-இல் தொடங்கிய ‘குதாய் கித்மத்கார்’ (கடவுளின் தொண்டர்கள்) இயக்கத்தில் சேர்ந்த பட்டாணியர்கள், அடித்தாலும் திருப்பி அடிக்க மாட்டோம் என்று சத்தியம் செய்தவர்கள். வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்த ஊர் அது! முதலில் வெள்ளைச் சட்டைதான் போட்டார்கள். சீக்கிரம் அழுக்கானதால், தோல் பதனிடும் இடத்தில் கொடுத்துச் செங்கல் நிறச் சாயம் ஏற்றினார்கள். ‘செஞ்சட்டையினர்’ என்ற பெயர் அப்படி வந்ததுதான். மாஸ்கோவிலிருந்து வந்த சிவப்பு என்று ஆங்கிலேயர் கிளப்பிவிட்டது வேறு கதை.

1930 ஏப்ரல் 23. தலைவர்கள் கைதானதைக் கண்டித்து பெஷாவரின் கிஸ்ஸா குவானி பஜாரில் கூடியவர்கள் மீது கவச வண்டிகள் ஏறின, துப்பாக்கிகள் வெடித்தன. கட்டுரையாளர் அவசியம் எழுதியிருக்க வேண்டியது, அங்கு நிறுத்தப்பட்ட, இமயமலைப் பகுதியான கார்வாலைச் சேர்ந்த ஆங்கிலேயப் படைவீரர்களைப் பற்றி. நிராயுதபாணிகளான முஸ்லிம்களைச் சுட மறுத்த இந்துச் சிப்பாய்கள் அவர்கள். முன்னின்ற சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

கஃபார் கான் பாகிஸ்தானிலும் பல ஆண்டுகள் சிறையில் கிடந்தார். அதையும் ஒரு ஞாயிறு மலரில் எழுதுங்களேன்.

- ஒரு வாசகர், மேலப்பாளையம்